லென்ஸ் அணிந்த கண் உறுத்தும்போது

கான்டாக்ட் லென்ஸ் அணிந்திருக்கும் கண்ணில் உறுத்தலோ எரிச்சலோ தோன்றினால் முதலில் செய்ய வேண்டியது ஒன்றே: கைகளைச் சோப்பால் கழுவி, நூல் பிரியாத துணியில் ஈரம் போகத் துடைத்து, லென்ஸைக் கழற்றிவிட வேண்டும். சொட்டு மருந்து விட்டுப் பார்ப்பதும், கண்ணைக் கசக்கிப் பார்ப்பதும், கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும் என்று பொறுத்துப் போவதும் பலருக்கும் பழக்கமாகிவிட்டவை. இம்மூன்றும் தவறு என்பதைத் தொடக்கத்திலேயே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நன்றாகப் பொருந்திய, தூய்மையான லென்ஸ் பழகிய கண்ணில் இருப்பதே தெரியாது. தெரிகிறது என்றால் ஏதோ ஒன்று சரியில்லை. அது எது என்று புரியும் வரை லென்ஸ் வெளியே இருப்பதே பாதுகாப்பு.

கழற்றிய பிறகு ஒரு நிமிடம் பொறுத்துக் கண்ணைக் கவனியுங்கள். உறுத்தல் அடங்குகிறதா, அப்படியே நீடிக்கிறதா, முன்பைவிடக் கூடுகிறதா? இந்தக் கேள்விக்கான விடை மிக முக்கியமானது. ஏன் என்பதை அறியக் கண்ணின் அமைப்பைச் சற்றுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

விழியின் முன்புறம் தெளிந்த கண்ணாடிபோல் அமைந்திருக்கும் கார்னியா, நடுப்பகுதியில் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிமன் மட்டுமே கொண்டது. அதில் இரத்தக் குழாய்கள் இல்லை. விழித்திருக்கும் நேரத்தில் தனக்கு வேண்டிய ஆக்ஸிஜனைக் கண்ணீரின் வழியாகக் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. உறங்கும்போது இமையின் உட்புறத்து நாளங்களிலிருந்து அதைவிடக் குறைந்த அளவில் பெறுகிறது. உடலில் உணர்வு நரம்புகள் மிக நெருக்கமாக அமைந்த திசுக்களில் அதுவும் ஒன்று என்பதால், ஓர் இமைமயிர் விழுந்தாலும் கண் உடனே துடிக்கிறது. ஆனால் பல ஆண்டுகளாக லென்ஸ் அணிபவர்களுக்கு அந்த உணர்வு ஓரளவு மழுங்கிப்போகலாம். அதோடு, மென்மையான லென்ஸ் கீறல்பட்ட இடத்தைக் கட்டுத்துணி போல மூடி வலியை மறைத்துவிடவும் கூடும். கண் மருத்துவர்கள் இந்த இயல்பைப் பயன்படுத்தி, கார்னியாவில் புண்பட்ட சிலருக்கு லென்ஸையே கட்டாகப் போடுவதுண்டு. எனவே லென்ஸோடு ஏதோ சுமாராக இருந்து, அதைக் கழற்றிய பிறகு வலி மிகுந்தால், கார்னியாவில் கீறலோ புண்ணோ ஏற்பட்டிருக்கிறது என்று கொள்ள வேண்டும். அந்த நிலையில் இந்தக் கட்டுரையின் பிற பகுதிகளைப் பிறகு படிக்கலாம். ஆபத்தான அறிகுறிகள் பற்றிய பகுதிக்கு நேரே செல்லுங்கள்.

போட்ட உடனேயே உறுத்தினால்

உறுத்தல் எந்த வேளையில் தொடங்குகிறது என்பது காரணத்தைக் காட்டும் நல்ல தடயம். காலையில் லென்ஸைப் போட்ட நொடியிலேயே கண் கலங்கினால், கோளாறு பெரும்பாலும் லென்ஸில்தான் இருக்கும். அது உட்புறம் வெளிப்புறமாகத் திரும்பியிருக்கலாம்; அதன் அடியில் தூசு சிக்கியிருக்கலாம்; விளிம்பு கிழிந்திருக்கலாம்; வலக்கண்ணுக்கு உரியது இடக்கண்ணில் போய்ச் சேர்ந்திருக்கலாம்.

லென்ஸைக் கழற்றி ஆள்காட்டி விரலின் நுனியில் வைத்து, கண் மட்டத்துக்கு உயர்த்திப் பக்கவாட்டில் பாருங்கள். விளிம்புகள் கிண்ணத்தைப் போல மேல்நோக்கி நின்றால் அது சரியான பக்கம். தட்டின் ஓரம் போல வெளிப்புறமாக விரிந்து சாய்ந்திருந்தால் லென்ஸ் திரும்பியிருக்கிறது. மெல்லிய லென்ஸ்களில் இந்த வேறுபாடு எளிதில் புலப்படாது. அப்போது பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மெதுவாக மடக்கிப் பார்த்தால், சரியான பக்கமாக இருக்கும் லென்ஸின் விளிம்புகள் ஒன்றையொன்று நோக்கி உள்ளே குவியும். திரும்பிய லென்ஸால் கண்ணுக்குக் கேடு எதுவும் நேர்ந்துவிடாது. லென்ஸைக் கழுவுவதற்கென்றே விற்கப்படும் கரைசலில் அலசி, சரியான பக்கமாகத் திருப்பிப் போட்டால் போதும்.

தூசு என்று சந்தேகித்தால் லென்ஸை உள்ளங்கையில் வைத்து, கரைசல் விட்டு, விரல் நுனியால் மெதுவாகத் தேய்த்து அலசிய பின் மீண்டும் போட்டுப் பாருங்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து விளிம்பில் சிறு பிளவோ குறையோ தெரிந்தால், அது எவ்வளவு சிறியதாக இருந்தாலும், புதிதாகப் பிரித்த லென்ஸாகவே இருந்தாலும், எறிந்துவிட வேண்டும். கிழிந்த விளிம்பு ஒவ்வொரு இமைப்பிலும் கார்னியாவை உரசும். அலசிப் போட்டும் உறுத்தல் நீங்கவில்லை என்றால் மூன்றாம் முறை முயல வேண்டாம்; அன்று கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள்.

கடின வகை லென்ஸ் அணிபவர்களுக்கு ஒரு குறிப்பு. புதிதாகத் தொடங்கும்போது முதல் ஒன்றிரண்டு வாரங்களுக்கு இமையில் லென்ஸ் தட்டுப்படுவது இயல்பு. ஆனால் திடீரென ஊசி குத்துவது போன்ற வலி வந்தால் லென்ஸுக்கு அடியில் துகள் புகுந்திருக்கிறது என்றே பொருள். கண்ணைக் கசக்கினால் அந்தத் துகள் கார்னியாவைக் கீறிவிடும் என்பதால், கசக்காமல் கழற்ற வேண்டும்.

போட்டவுடன் தோன்றுவது உறுத்தலாக இல்லாமல் காந்துவது போன்ற எரிச்சலாக இருந்தால், உங்கள் கைகளை நினைத்துப் பாருங்கள். நறுமணச் சோப்பு, கையில் பூசும் கிரீம், கிருமிநாசினித் திரவம், சமையலில் தொட்ட மிளகாயின் காரம் ஆகியவை விரல்களிலிருந்து லென்ஸுக்கு மாறி, அதில் ஊறி, நாள் முழுதும் கண்ணில் கசிந்துகொண்டிருக்கும். மிளகாயின் காரம் ஒருமுறை கழுவுவதால் முழுமையாக நீங்காது. சமைப்பவர்கள் சமையலுக்கு முன்பே லென்ஸைப் போட்டுக்கொள்வது நல்லது. கழற்றும் முன் எண்ணெய் தொட்டுத் தேய்த்துப் பிறகு சோப்பால் இருமுறை கழுவினால் காரம் பெரிதும் குறையும். காரம் ஊறிய லென்ஸை மீட்க முயல்வதில் பயனில்லை.

மாலையில் தொடங்கும் வறட்சி

லென்ஸ் அணிபவர்கள் சொல்லும் குறைகளில் மிகவும் பரவலானது இது. காலையில் எந்தத் தொல்லையும் இராது. பிற்பகலில் கண் கனக்கத் தொடங்கும். மாலையில் மணல் விழுந்தது போல உறுத்தும். பார்வை மங்கி, இமைத்தால் தெளிந்து, மீண்டும் மங்கும்.

கண்ணின் மேற்பரப்பில் இருக்கும் கண்ணீரின் அளவு ஏறத்தாழ 7 மைக்ரோலிட்டர்தான். சொட்டு மருந்துப் புட்டியிலிருந்து விழும் ஒரு துளி அதைப்போல் பல மடங்கு. இத்தனை சிறிய அளவு நீர், மெல்லிய படலமாகப் பரவி, அதன் மேல் இன்னும் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு படர்ந்திருப்பதால்தான் உடனே ஆவியாகாமல் நிற்கிறது. அந்தப் படலத்தின் நடுவே, கார்னியாவைவிடச் சற்றுப் பெரியதாக, சுமார் 14 மில்லிமீட்டர் விட்டமுள்ள லென்ஸ் ஒன்றை வைக்கும்போது படலம் இரண்டாகப் பிரிகிறது. லென்ஸின் மேலே நிற்கும் பகுதி மெலிந்து விரைவில் உலர்கிறது. உலர்ந்த லென்ஸின் மேல் இமை ஒவ்வொரு முறையும் உராய்ந்து செல்வதையே நாம் உறுத்தலாக உணர்கிறோம்.

இதில் திரைகளின் பங்கு பெரிது. சாதாரணமாக நிமிடத்துக்குப் பதினைந்து முறை அளவில் இமைக்கும் ஒருவர், கணினியையோ கைப்பேசியையோ உற்றுப் பார்க்கும்போது அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக்கூடக் குறைத்துவிடுகிறார். இமைக்கும்போதும் பாதி இமையோடு நின்றுவிடுகிறார். அரைகுறையாக இமைத்தால் லென்ஸின் கீழ்ப்பகுதி நனையாமலே போகும். ஆகவே இருபது நிமிடத்துக்கு ஒருமுறை திரையிலிருந்து பார்வையை எடுத்து, ஆறு மீட்டருக்கு அப்பால் உள்ள ஒன்றை இருபது விநாடி பார்த்து, அந்த இடைவேளையில் நான்கைந்து முறை இமைகள் ஒன்றோடொன்று முழுதாகத் தொடும்படி மெதுவாக மூடித் திறக்க வேண்டும். திரையைக் கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே வைத்தால் கண் அகலத் திறந்திருக்க வேண்டிய தேவை குறையும். மின்விசிறியின் காற்றும் குளிர்சாதனக் காற்றும் முகத்தில் நேரே படாதவாறு இருக்கையை மாற்றிக்கொள்ளுங்கள். இரு சக்கர வாகனத்தில் செல்பவர்கள் தலைக்கவசத்தின் முகமறைப்பை இறக்கிவிட்டே செல்ல வேண்டும். வறட்சியையும் தூசியையும் அது ஒருங்கே தடுக்கும்.

சொட்டு மருந்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் தவறுகள் மிகுதியாக நிகழும் இடம் இது. லென்ஸ் அணிந்திருக்கும்போது விடுவதற்கென்றே தயாரிக்கப்பட்ட ஈரமூட்டும் சொட்டுகள் உண்டு. புட்டியில் அவ்வாறு தெளிவாக அச்சிடப்பட்டிருக்கும். மருந்து கெடாமல் இருப்பதற்கான பாதுகாப்புப் பொருள் சேர்க்காத, ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் சிறு குப்பிகளில் வருபவை மேலும் நல்லவை. மற்றச் சொட்டு மருந்துகள் பலவற்றில் பென்ஸல்கோனியம் குளோரைடு என்ற பாதுகாப்புப் பொருள் இருக்கிறது. மென்மையான லென்ஸ் அதை உறிஞ்சிவைத்து, மணிக்கணக்கில் கார்னியாவின் மேல் கசியவிடும். அத்தகைய மருந்தை லென்ஸ் இல்லாத கண்ணில் விட்டு, குறைந்தது பதினைந்து நிமிடம் கழித்தே லென்ஸ் போட வேண்டும். சிவப்பைப் போக்கும் சொட்டுகள் இரத்தக் குழாய்களைச் சுருக்கிச் சிவப்பை மறைக்கின்றனவே தவிர, சிவப்பின் காரணத்தைத் தொடுவதில்லை. தொடர்ந்து விட்டால் மருந்தின் வேகம் குறைந்ததும் கண் முன்பைவிட அதிகமாகச் சிவக்கும். வீட்டில் முன்பு யாருக்கோ எழுதித் தந்த ஸ்டீராய்டு சொட்டு மருந்து மிச்சம் இருந்தால், அதை எடுத்து விடுவது எல்லாவற்றிலும் கொடிய தவறு. அது வலியையும் சிவப்பையும் அடக்கிக் காட்டும். அடியில் தொற்று இருந்தால் அது தடையின்றிப் பெருகும்.

சொட்டுகள் எல்லாம் விட்டும் மாலைதோறும் வறட்சி திரும்புகிறது என்றால் இமைகளைப் பார்க்க வேண்டும். கண்ணீரின் மேல் படரும் எண்ணெயைச் சுரப்பவை இமை விளிம்பில் வரிசையாக அமைந்த மெய்போமியன் சுரப்பிகள். மேலிமையில் 25 முதல் 40 வரையிலும், கீழிமையில் 20 முதல் 30 வரையிலும் இருக்கும். இவற்றின் வாய்கள் அடைபட்டால் கண்ணீர் போதிய அளவு இருந்தும் தங்காது. லென்ஸைக் கழற்றிவிட்டு, பொறுக்கும் சூட்டில் நனைத்துப் பிழிந்த தூய துணியை மூடிய இமைகளின் மேல் ஐந்து முதல் பத்து நிமிடம் வைத்து, சூடு ஆறும்போது மாற்றி, பின்னர் இமையை மயிர் முளைக்கும் ஓரத்தை நோக்கி மெதுவாக நீவிவிட வேண்டும். சில வாரங்கள் நாள்தோறும் செய்தால்தான் பலன் தெரியும். இமை விளிம்பின் உட்பக்கத்தில் மை தீட்டுபவர்கள் அதை வெளிப்பக்கத்துக்கு மாற்றிக்கொண்டால் இந்தச் சுரப்பிகளின் வாய் அடைபடுவது குறையும். ஒவ்வாமை மாத்திரைகள், சில மனச்சோர்வு மருந்துகள், முகப்பருவுக்குத் தரப்படும் ஐசோட்ரெட்டினாயின் ஆகியவையும் கண்ணை உலர்த்தக்கூடியவை; இவற்றை உட்கொள்பவர் கண் மருத்துவரிடம் அதைச் சொல்ல வேண்டும்.

லென்ஸின் வகையை மாற்றுவதும் உதவலாம். நீர்ச்சத்து மிகுந்த லென்ஸ் வறண்ட கண்ணுக்கு ஏற்றது என்று பலர் எண்ணுகிறார்கள். காற்று உலர்ந்திருக்கும் இடங்களில் அத்தகைய லென்ஸே அதிக நீரை இழந்து மேலும் உறுத்தக்கூடும். ஆக்ஸிஜனை நன்கு கடத்தும் சிலிக்கோன் ஹைட்ரோஜெல் வகையோ, தினம் ஒன்றைப் போட்டு எறியும் வகையோ பலருக்கு நிம்மதி தருகிறது. எது பொருந்தும் என்பதை லென்ஸ் பொருத்தும் நிபுணர் கண்ணைச் சோதித்துத்தான் சொல்ல முடியும். ஏனெனில் வளைவு இறுக்கமாக இருந்தால் லென்ஸ் இமைக்கும்போது நகராமல் ஒட்டிக்கொள்ளும். கழற்றிய பின் வெண்விழியில் வட்டத் தடம் தெரியும்.

அரிப்பும் பீளையும்

அரிப்பு வேறு, உறுத்தல் வேறு. கசக்கத் தூண்டும் அரிப்பு ஒவ்வாமையைக் காட்டுகிறது. மகரந்தக் காலத்தில் மட்டும் வந்து போனால் அந்த நாட்களில் லென்ஸைத் தவிர்ப்பதோ, தினசரி வகைக்கு மாறுவதோ போதும். ஆனால் சிலருக்கு ஒவ்வாமையின் மூலம் லென்ஸிலேயே இருக்கிறது. கண்ணீரில் உள்ள புரதமும் கொழுப்பும் லென்ஸின் மேல் படிந்து, நாட்பட நாட்பட மாறுதலடைந்து, மேலிமையின் உட்புறத்தை உறுத்திச் சிறு சிறு முண்டுகளை எழுப்பிவிடும். இதன் குறிகள் தெளிவானவை: லென்ஸைக் கழற்றிய பின் அரிப்பு கூடும், காலையில் நூல் நூலாகப் பீளை கட்டும், இமைக்கும்போது லென்ஸ் மேலே இழுபடும், லென்ஸ் விரைவில் மங்கலாகும். இந்நிலை வந்த பிறகு லென்ஸை எவ்வளவு கழுவினாலும் பயனில்லை. மருத்துவர் சொல்லும் வரை, பெரும்பாலும் சில வாரங்களுக்கு, லென்ஸை நிறுத்திவைத்து இமையை ஆறவிட வேண்டும். மாதக்கணக்கில் பயன்படுத்தும் லென்ஸை அதற்குரிய காலத்தையும் தாண்டி இழுத்தடிப்பவர்களுக்கே இது மிகுதியாக வருகிறது. இரண்டு வார லென்ஸ் என்றால் பிரித்த நாளிலிருந்து இரண்டு வாரம். இடையில் சில நாட்கள் அணியவில்லை என்பதற்காகக் காலம் நீளாது.

கரைசல், பெட்டி, தண்ணீர்

உறுத்தலைத் தணிப்பதைவிட அது வராமல் காப்பது இங்கேதான் தொடங்குகிறது. கழுவவும் அலசவும் ஊறவைக்கவும் ஒன்றே பயன்படும் பல்நோக்குக் கரைசலில் லென்ஸை ஊறவைத்தால் போதும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. தேய்க்காமல் ஊறவைத்தால் படிவுகளும் கிருமிகளும் லென்ஸிலேயே தங்கிவிடும். ஒவ்வொரு லென்ஸையும் உள்ளங்கையில் வைத்து இரு புறமும் சில விநாடிகள் தேய்த்து, அலசி, புதிய கரைசலில் வைக்க வேண்டும். பெட்டியில் மிஞ்சியிருக்கும் நேற்றைய கரைசலோடு கொஞ்சம் புதியதை ஊற்றி நிரப்பும் வழக்கத்தை முற்றாக விட்டுவிடுங்கள். பழைய கரைசல் தன் வீரியத்தை இழந்திருக்கும். அது புதியதையும் நீர்க்கச் செய்துவிடும். 2006-ஆம் ஆண்டில் ஃபியூசேரியம் என்ற பூஞ்சையால் கார்னியாத் தொற்றுகள் பல நாடுகளில் பெருகியபோது ஒரு பல்நோக்குக் கரைசல் உலகெங்கும் விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது. 2007-இல் அகந்தமீபா என்ற ஒற்றைச் செல் உயிரியால் தொற்றுகள் பெருகியதைத் தொடர்ந்து மற்றொன்று திரும்பப் பெறப்பட்டது. அந்தத் தொற்றுகளை ஆராய்ந்தபோது, பழையதன்மேல் புதியதை ஊற்றும் வழக்கமும் ஆபத்தைக் கூட்டியதாகத் தெரியவந்தது.

பெட்டியையும் மறக்கலாகாது. காலையில் லென்ஸை எடுத்ததும் கரைசலைக் கொட்டி, புதிய கரைசலால் அலசி, உட்புறத்தைத் தூய விரலாலோ துணியாலோ தேய்த்து, மூடியைத் திறந்து கவிழ்த்துவைத்து உலரவிடுங்கள். ஈரமாக மூடிவைத்த பெட்டியின் சுவரில் கிருமிகள் வழவழப்பான படலமாக ஒட்டிக்கொள்ளும். மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் பெட்டியை மாற்ற வேண்டும். புதிய கரைசல் புட்டி திறக்கும்போது பெட்டியையும் மாற்றுவது என்று வைத்துக்கொண்டால் நினைவில் நிற்கும்.

குழாய் நீர், கிணற்று நீர், வடிகட்டிய குடிநீர் எதுவும் லென்ஸையோ பெட்டியையோ தொடக்கூடாது. குடிப்பதற்குத் தூய்மையான நீரிலும் அகந்தமீபா இருக்கலாம். குளோரின் அதைக் கொல்லுவதில்லை, ஏனெனில் சூழல் கடுமையாகும்போது அது தடித்த உறைக்குள் அடங்கிவிடும். கார்னியாவில் அது குடியேறினால் சிகிச்சை மாதக்கணக்கில் நீளும், பார்வையும் பறிபோகலாம். ஆகவே குளிக்கும் முன்பும் நீந்தும் முன்பும் லென்ஸைக் கழற்றுங்கள். உப்புநீர்க் கரைசல் அலசுவதற்கு மட்டுமே உதவும். அதற்குக் கிருமியைக் கொல்லும் ஆற்றல் கிடையாது. எச்சிலால் லென்ஸை நனைப்பதைப் பற்றித் தனியே சொல்லத் தேவையிராது என்று நம்புகிறேன். வாயில் வாழும் கிருமிகள் கண்ணுக்கு உரியவை அல்ல.

பல்நோக்குக் கரைசலே சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. புதிய வகைக் கரைசலுக்கு மாறிய பின் இரு கண்களும் காலையில் ஒன்றாகக் காந்தத் தொடங்கினால் அதைச் சந்தேகிக்க வேண்டும். அவர்களுக்குப் பாதுகாப்புப் பொருள் இல்லாத ஹைட்ரஜன் பெராக்சைடு முறை நல்ல மாற்று. ஆனால் அதில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. 3 சதவீதப் பெராக்சைடு நேரே கண்ணில் பட்டால் கடுமையாகச் சுடும். அதனுடன் தரப்படும் தனிப் பெட்டியில் மட்டுமே, குறிப்பிட்ட நேரம், பொதுவாக ஆறு மணி நேரம், வைத்தால்தான் அது நீராகவும் ஆக்ஸிஜனாகவும் பிரிந்து பாதுகாப்பானதாகும். சாதாரணப் பெட்டியில் ஊற்றினால் அது மாறாமலே இருக்கும். அலசுவதற்கும் அதை எடுக்கக்கூடாது. தவறிக் கண்ணில் பட்டுவிட்டால் லென்ஸை உடனே கழற்றி, பல நிமிடங்கள் ஏராளமான நீரால் கண்ணைக் கழுவி, எரிச்சல் அடங்காவிட்டால் மருத்துவரிடம் செல்ல வேண்டும். லென்ஸைத் தண்ணீர் தொடக்கூடாது என்ற விதி இரசாயனம் பட்ட கண்ணைக் கழுவுவதற்குப் பொருந்தாது. அங்கே தாமதமே கேடு.

உறங்கிவிட்டால், ஒட்டிக்கொண்டால்

மருத்துவர் அனுமதியின்றி லென்ஸோடு உறங்குவது கார்னியாத் தொற்றின் வாய்ப்பைப் பல மடங்கு உயர்த்துகிறது. மென்மையான லென்ஸைப் பகலில் மட்டும் அணிபவர்களில் ஆண்டுக்குப் பத்தாயிரம் பேரில் இரண்டு முதல் நான்கு பேருக்குத் தொற்று வருகிறது என்றால், இரவிலும் அணிபவர்களில் அது ஏறத்தாழ இருபதாக உயர்வதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. பகலில் அரை மணி நேரம் கண்ணயர்வதும் இதில் சேரும்.

தவறி உறங்கி எழுந்து லென்ஸ் ஒட்டிக்கொண்டிருப்பதை உணர்ந்தால் அதைப் பிய்க்காதீர்கள். உலர்ந்த லென்ஸோடு கார்னியாவின் மேல்தோலும் உரிந்து வரலாம். ஈரமூட்டும் சொட்டுகளைச் சில நிமிட இடைவெளியில் விட்டு, கண்ணை மூடி, இமைத்து, லென்ஸ் நகரத் தொடங்கிய பிறகே கழற்ற வேண்டும். அன்று முழுதும் லென்ஸ் வேண்டாம்.

லென்ஸ் கண்ணுக்குப் பின்னால் போய்விட்டதாகப் பதறுபவர்கள் உண்டு. அது நடக்காது. வெண்விழியை மூடியிருக்கும் சவ்வு மடிந்து இமையின் உட்புறமாகத் தொடர்வதால் பின்னால் செல்ல வழியே இல்லை. பெரும்பாலும் அது மேலிமைக்கு அடியில் மடிந்திருக்கும். சொட்டு விட்டு, கீழே பார்த்தபடி, மூடிய மேலிமையை மேலிருந்து கீழாக மெதுவாக நீவினால் வெளிப்படும். கிடைக்கவில்லை என்றால் நகத்தால் துழாவாமல் மருத்துவரிடம் செல்லுங்கள். அது முன்பே கீழே விழுந்திருந்தால்கூட அந்தப் பயணம் வீண் அன்று.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

கழற்றிய பிறகும் நீடிக்கும் அல்லது கூடும் வலி, ஒரு கண்ணில் மட்டும் ஆழ்ந்த சிவப்பு, வெளிச்சத்தைப் பார்க்க முடியாத கூச்சம், கண்ணாடி அணிந்தும் தெளியாத மங்கல், மஞ்சளாகவோ பச்சையாகவோ வடியும் பீளை, கருவிழியின் மேல் வெள்ளைப் புள்ளி ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். நாளைக் காலை பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் இங்கே ஆகாது. லென்ஸ் அணிபவர்களின் கார்னியாவைப் பெரிதும் தாக்கும் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா ஓரிரு நாட்களுக்குள் கார்னியாவைக் கரைக்கும் வல்லமை உடையது. கண்ணில் தெரியும் சிவப்பைவிட வலி மிகக் கடுமையாக இருந்தால், அண்மையில் லென்ஸோடு குளித்தீர்களா, நீந்தினீர்களா என்பதை மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். அகந்தமீபா தொற்று தொடக்கத்தில் வைரஸ் தொற்றுப் போலத் தோற்றமளித்து ஏமாற்றக்கூடியது.

மருத்துவரிடம் செல்லும்போது கழற்றிய லென்ஸையும் பெட்டியையும் கரைசல் புட்டியையும் கழுவாமல் அப்படியே கொண்டுசெல்லுங்கள். கிருமி எது என்று கண்டறிய அவை உதவக்கூடும். கண்ணைப் பஞ்சு வைத்து இறுக்கக் கட்டாதீர்கள். லென்ஸ் அணிந்த கண்ணில் கீறல் இருக்கும்போது அவ்வாறு மூடிவைப்பது கிருமி வளரும் வெதுவெதுப்பைத் தந்துவிடும். மருந்துக் கடையில் தாமாக ஒரு சொட்டு மருந்து வாங்கி விடுவதும் வேண்டாம்.

மீண்டும் அணியும்போது

சாதாரண வறட்சியோ தூசியோ காரணமாக இருந்தால், கண் வெளுத்து, உறுத்தல் முற்றிலும் நின்று, பார்வை தெளிந்து ஒரு நாள் கழிந்த பிறகு அணியலாம். தொற்றோ கீறலோ ஏற்பட்டிருந்தால் மருத்துவர் சொல்லும் நாள் வரை காத்திருக்க வேண்டும். வலி போய்விட்டது என்பதால் புண் ஆறிவிட்டது என்று ஆகாது. பழைய லென்ஸ், பழைய பெட்டி, திறந்திருந்த கரைசல் மூன்றையும் எறிந்துவிட்டுப் புதியவற்றோடு தொடங்குங்கள். முதல் நாள் சில மணி நேரம் மட்டும் அணிந்து, படிப்படியாக நீட்டிக்கொள்ளலாம். நாள்தோறும் லென்ஸைப் போட்டதும் கண்ணாடி முன் நின்று மூன்றைப் பாருங்கள்: கண் வெண்மையாக இருக்கிறதா, பார்வை தெளிவாக இருக்கிறதா, உறுத்தல் இல்லாமல் இருக்கிறதா.

கண் உறுத்தும்போதும் பலர் லென்ஸைக் கழற்றாமல் இருப்பதற்கு ஒரு காரணம் அடிக்கடி கண்ணில் படுகிறது: அவர்களிடம் இருக்கும் மூக்குக் கண்ணாடி ஐந்தாறு ஆண்டுக்கு முந்தைய பவரில் இருக்கும், அல்லது உடைந்து கிடக்கும். அதை அணிந்து வேலைக்கோ வகுப்புக்கோ செல்ல முடியாது என்பதால் சிவந்த கண்ணில் லென்ஸைப் போட்டுக்கொண்டே அந்த நாளை ஓட்டுகிறார்கள். அடுத்த முறை லென்ஸ் வாங்கச் செல்லும்போது, இப்போதைய பவரில் ஒரு மூக்குக் கண்ணாடியும் செய்து பையில் வைத்துக்கொள்ளுங்கள்.